பட்டி பூசும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில் ஃபைபர் என்றதும் கரையில் இழுத்து வைத்திருக்கிற படகுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். நானும் படகு வேலையில் தொடங்கித்தான் கார் பாடி வேலைக்கு வந்தேன். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், கண்ணாடி நாரும் அதை ஒட்டிப் பிடிக்கிற ரெசின் பசையும்.

போன மாதம் கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி வந்தார். காருக்கு ஃபைபர் பொனட், பிணைச்சல் பக்கம் ஒரு வெடிப்பு. மூன்று தரம் பட்டி, அதாவது வெடிப்பை நிரப்பும் பசை, பூசிப் பெயின்ட் அடித்தும் அதே இடத்தில் திரும்பவும் வெடித்திருக்கிறது. கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால், யாரோ வாஷரே போடாமல் போல்டை இறுக்கியிருக்கிறார்கள், ஓட்டையைச் சுற்றி நார் வெள்ளையாக வெளிறிக் கிடந்தது. முன்பக்கம் எத்தனை பட்டி பூசி என்ன?

வெடிப்பின் வடிவத்தை முதலில் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி விரிந்தால் அங்கே அடி விழுந்திருக்கிறது. கோடுகள் பக்கம் பக்கமாக ஓடினால் அந்த இடம் ஆடி வளைந்து களைத்துப்போயிருக்கிறது. அப்புறம் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீர் என்னும், உள்ளே அடுக்குப் பிரிந்த இடம் தொப்பென்று மந்தமாகக் கேட்கும். அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள், பல நேரம் வெடிப்பைவிட அது பெரிதாக இருக்கும்.

மேலே உள்ள ஜெல்கோட் என்கிற ரெசின் பூச்சு மட்டும் வெடித்திருந்தால் சின்ன வேலை. நார் வரை போயிருந்தால், முதலில் பொலிஷையும் மெழுகையும் அசிட்டோனால் துடைக்க வேண்டும், துடைக்காமல் தேய்த்தால் மெழுகு நாருக்குள் ஏறிவிடும், ரெசின் பிடிக்காது. பிறகு கிரைண்டரால் சரிவாகத் தேய்க்க வேண்டும். சரிவின் அகலம் ஃபைபரின் கனத்தைப் போல 12 மடங்கு, 3 மில்லிமீற்றருக்கு ஒரு பக்கம் 36 மில்லிமீற்றர். இவ்வளவா என்று கேட்பார்கள். புது நார் பழையதைப் பிடிக்க அந்த அகலம் வேண்டும்.

பொலியெஸ்டர் ரெசின் 100 கிராமுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் 1 முதல் 2 கிராம். நம்மூர் வெயிலில் 1 கிராம் பக்கமே நில்லுங்கள், கூடினால் கோப்பையிலேயே கட்டியாகிவிடும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் தொடவே வேண்டாம்.

தம்பியின் பொனட்டுக்குப் பின்பக்கம் ரெசினில் நனைத்த கண்ணாடி நார் விரிப்பு (மேட்) இரண்டு வைத்தேன், காற்றுக்குமிழி போகும் வரை பிரஷ்ஷால் குத்திக் குத்தி. மறுநாள் பூட்டும்போது அகலமான வாஷரும் ரப்பரும் போட்டு, ஸ்பானரை அவர் கையிலேயே கொடுத்தேன், எவ்வளவு இறுக்கினால் போதும் என்று அவருக்கே தெரியட்டும் என்று.