குருவி தலையில் பனங்காய்: யாஹிட்னே ஊர்ச் சுவர்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன், இருமலை மட்டும் வெட்டிவிட்டேன்.)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வேண்டாம் வேண்டாம் என்றபோதும் பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, பூட்டவேண்டிய நேரம் தாண்டியும் நமக்காகச் சாவியோடு உட்கார்ந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, வார்டு உறுப்பினர் அவர்களே (வந்துகொண்டிருக்கிறாராம், வந்ததும் இன்னொரு முறை சொல்லிக்கொள்கிறேன்), எல்லோருக்கும் வணக்கம்.

உக்ரைன் போரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் வைத்திருக்கிறேன். ஒன்று, ஒரு கிராமம். இரண்டு, கண்ணிவெடி புதைந்த வயல்கள். மூன்று, கோதுமை.

குருவி தலையில் பனங்காய் என்போம். செர்னிஹிவ் நகருக்குத் தெற்கே இருக்கும் யாஹிட்னே அப்படி ஒரு குருவி. ஒரே ஒரு பள்ளிக்கூடம், சில நூறு பேர், அவ்வளவுதான் ஊர். 2022 மார்ச் 3ஆம் தேதி ரஷ்யப் படை உள்ளே வந்தது. பள்ளிக்கூடத்தை முகாமாக்கிக்கொண்டு, ஊர்க்காரர்களை அதன் நிலவறையில் அடைத்தார்கள். ஐ.நா. மனித உரிமை அலுவலகக் கணக்குப்படி 360 பேர், அதில் 74 பேர் குழந்தைகள். மேலே படை, கீழே ஜனம். குண்டு விழுந்தால் முதலில் யார் மேல் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

28 நாள். படுக்க இடமில்லை, உட்கார்ந்தே தூங்கினார்கள். கழிப்பறை இல்லை, காற்று இல்லை. முதலில் தடுமாறியது வயதானவர்கள்தான். எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோய், பேச்சு குழறி, உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டார்கள். பத்து முதியவர்கள். உடலை உடனே வெளியே கொண்டுபோகவும் விடவில்லை, பிள்ளைகள் பக்கத்திலேயே கிடந்தது.

இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும். அந்த இருட்டில் யாரோ சுவரில் தேதி எழுத ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு நாளாக, காலண்டர் மாதிரி. பக்கத்தில் செத்தவர்களின் பெயர், செத்த தேதி. சுடப்பட்டவர்களுக்குத் தனி வரிசை. பிள்ளைகள் இன்னொரு சுவரில் படம் வரைந்தார்கள். அரசாங்கம் இல்லை, பதிவு அலுவலகம் இல்லை, போனையும் பிடுங்கியாயிற்று, ஆனாலும் கணக்கு விட்டுப்போகவில்லை. மார்ச் 30ஆம் தேதி படை போனது. சுவர் மிஞ்சியது. 2024இல் அங்குள்ள நீதிமன்றம் 15 ரஷ்ய வீரர்களுக்கு, அவர்கள் ஆஜராகாமலே, 12 வருடத் தண்டனை விதித்தது. பனங்காயைத் தலையில் வைத்தவனுக்குக் குருவியின் பெயர் தெரியாது. குருவிதான் எழுதி வைக்கவேண்டும்.

எங்கள் அப்பத்தா பால் கணக்கைக் கதவுக்குப் பின்னால் கரியால் கோடு போட்டு வைத்திருக்கும். அந்தக் கோடுகளுக்கு நடுவிலேதான் என் சித்தப்பா பிறந்த நாளும் இருந்தது. ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தோம், போயிற்று. பால்காரர் அந்த மாதம் சொன்னதுதான் கணக்கு. சித்தப்பாவுக்கு இன்றைக்கும் வயது தெரியாது, கேட்டால் "சாகலை, போதாதா" என்பார்.

சரி, வயல்களுக்கு வருவோம். வெடி எடுக்காமல் உழமுடியாது, டிராக்டரோடு போய்விடும். அங்கே அது பல வருட வேலை. நேரமாகிவிட்டது என்று ஐயா மணிக்கட்டைக் காட்டுகிறார். கோதுமையை விட்டுவிடுகிறேன், அடுத்த வருடம் கூப்பிட்டால் பேசலாம்.

நான் நாலு வருடமாகக் கேட்பது உங்களுக்குத் தெரியும்: இந்த நூலகத்தில் ஓர் ஊர் ஏடு. யார் பிறந்தார், யார் போனார், எந்தக் குளம் எங்கே இருந்தது என்று. சண்டை வந்து சுவரில் எழுதும்வரை காத்திருக்கவேண்டாம். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன், அதோ, மாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தில் சித்தப்பா பெயரை எழுதிவிட்டேன், பிறந்த தேதிக்கு இடம் விட்டு. பேனா நூலகர் அம்மாவிடம் இருக்கிறது, எழுதினவர்கள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வார்டு உறுப்பினர் வந்துவிட்டார் போல, வாங்க ஐயா, வணக்கம்.