முட்டாத எலக்ட்ரான் முன்னேறாது

வணக்கம் நேயர்களே. எலக்ட்ரான் ஓடும், வழியில் எதிலாவது முட்டும், முட்டாமல் இருந்தால் இன்னும் வேகமாகப் போயிருக்கும். மின்தடைக்குப் பள்ளிக்கூடத்தில் நாம் படித்த விளக்கம் இதுதான், இல்லையா? வெற்றிடத்தில் அது சரி. ஆனால் குறையே இல்லாத படிகத்துக்குள் எதிலும் முட்டாமல் போகிற எலக்ட்ரான் கொஞ்ச தூரம் போகும், நிற்கும், கிளம்பிய இடத்துக்கே திரும்பும், மறுபடி கிளம்பும். மின்புலத்தால் ஒரே திசையில் தள்ளுகிறோம், அது முன்னும் பின்னும் ஆடுகிறது!

காரணம், எலக்ட்ரான் ஓர் அலையும்கூட. வேகமெடுக்க எடுக்க அலைநீளம் சுருங்கும். படிக அடுக்குகளின் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு என்ற அளவுக்கு வந்ததும் படிகமே அதைத் திருப்பி அனுப்பிவிடும். படிகத்தில் எலக்ட்ரான் அலை எப்படிப் போகும் என்று 1928-ல் ஃபீலிக்ஸ் பிளாக் கணக்குப் போட்டார், 1934-ல் கிளாரன்ஸ் ஸீனர் இந்த ஆட்டத்தைச் சுட்டிக்காட்டினார். பெயர் பிளாக் அலைவு.

சாதாரணப் படிகத்தில் இதைப் பார்க்க முடியாது. அடுக்குகளுக்கு நடுவே அரை நானோமீட்டர் அளவுதான் இடைவெளி, எலக்ட்ரானோ ஒரு பிகோ விநாடிக்குள்ளேயே (விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) எதிலாவது முட்டிவிடும். அதற்குள் ஒரு சுற்று முடிய வேண்டுமானால் மின்புலத்தைத் தாறுமாறாக ஏற்ற வேண்டும்.

1970-ல் ஐபிஎம்மில் இருந்த லியோ எசாகியும் ரபேல் சூவும் சொன்ன வழி எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்: இடைவெளியை நாமே பெரிதாக்கிவிடலாம். கேலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தி சில நானோமீட்டர், அதன்மேல் அலுமினியம் கலந்த கேலியம் ஆர்சனைடு சில நானோமீட்டர், அப்புறம் மறுபடி முதலாவது, இப்படியே பல அடுக்கு. இதுதான் சூப்பர்லாட்டிஸ், தமிழில் மீயணிக்கோவை எனலாம். அலைவின் அதிர்வெண் மின்புலத்தையும் இந்த அடுக்கு ஜோடி ஒன்றின் நீளத்தையும் மட்டுமே பொறுத்தது. 10 நானோமீட்டர் ஜோடி, சென்டிமீட்டருக்கு 10 கிலோவோல்ட் மின்புலம் என்றால் ஏறக்குறைய 2.4 டெராஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 2.4 லட்சம் கோடி ஆட்டம். மின்னழுத்தத்தைத் திருகினால் அதிர்வெண்ணும் மாறும். டிரான்சிஸ்டருக்கு எட்டாத, சாதாரண லேசரும் இறங்கி வராத இடம் அது. ஆசை வராமல் இருக்குமா?

இங்கேதான் வேடிக்கை. முட்டலே இல்லையென்றால் எலக்ட்ரான் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும், நிகர மின்னோட்டம் சுழி. மின்னோட்டம் வேண்டுமா, அது முட்டியாக வேண்டும். மின்புலம் குறைவாக இருக்கும்போது எலக்ட்ரான் திரும்புவதற்கு முன்பே முட்டிவிடுவதால் மின்னழுத்தத்தோடு மின்னோட்டமும் ஏறும். ஓர் எல்லையைத் தாண்டியதும் திரும்புகிறவை அதிகமாகி, மின்னழுத்தம் ஏற ஏற மின்னோட்டம் இறங்கும். எதிர்மறை வேற்றுமைத் தடை என்பது இதுதான்.

நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் தலைவலியே இதில்தான். இந்த நிலையில் மின்புலம் சீராக நிற்காது. எங்கோ சில எலக்ட்ரான்கள் கூடினால் அந்தக் கூட்டம் வளர்ந்து, சாதனமே உயர்புலப் பகுதி, தாழ்புலப் பகுதி என்று பிரிந்துபோகும். அந்தப் பகுதிகள் நகர்ந்தால் கிகாஹெர்ட்ஸ் அலைவுகள் வரும். பலர் இதையும் பிளாக் அலைவையும் குழப்பிக்கொள்கிறார்கள். இது கூட்டமாக நகர்வது, அது ஒவ்வொரு எலக்ட்ரானும் ஆடுவது. சொல்லப்போனால் கூட்டம் நகர ஆரம்பித்தால் பிளாக் அலைவுக்குத் தேவையான சீரான மின்புலம் போய்விடும்.

ஆனாலும் பிளாக் அலைவைப் பார்த்துவிட்டார்கள். 1992-ல் மிகக் குறுகிய லேசர் துடிப்புகளால் அதன் தடயம் கிடைத்தது. 1993-ல் அது உமிழ்ந்த டெராஹெர்ட்ஸ் அலையையே பிடித்தார்கள். கடுங்குளிரில், சில சுற்றுகள் ஆடி அடங்கிவிடுகிற அலைவு அது. அடங்காமல் தொடர்ந்து அலை தரும் கருவியாக (அலைவி) அதை மாற்றுவதுதான் பெரும்பாடு.

இதற்கிடையில் அதே அடுக்குகள் வேறு வழியில் பிழைத்துக்கொண்டன. 1971-ல் சோவியத் இயற்பியலாளர்கள் கஸாரினோவும் சூரிஸும் சொன்ன யோசனை 1994-ல் பெல் ஆய்வகத்தில் குவாண்டம் கேஸ்கேட் லேசராக ஒளிர்ந்தது. அதில் எலக்ட்ரான் ஆடுவதில்லை, படிப்படியாக இறங்குகிறது. இறங்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஃபோட்டான், அதாவது ஓர் ஒளித்துகள்.