காலையில் டெல்லி போய் ராத்திரி திரும்ப மலிவு விமானம் சரிப்படுமா?

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொண்ட கேள்வி திருப்பூரில் இருந்து வந்திருக்கிறது. சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறவர் கேட்கிறார். படித்துவிடுகிறேன்: "டெல்லியில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகத் துணி வாங்கிக் கொடுக்கும் ஒரு பையிங் ஹவுஸில் சாம்பிள் காட்ட வேண்டும், மதியம் 2 மணிக்கு மீட்டிங். காலையில் கோயம்புத்தூரில் ஏறி ராத்திரியே திரும்பிவிடலாமா? மலிவு விமானம் கடைசி நேரத்தில் காலை வாரிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். விமானம் ரத்தானால் காசு வருமா? ஜிஎஸ்டி பில் எப்படி வாங்குவது?"

மலிவு விமானத்திலேயே போங்கள், அதில் தப்பே இல்லை. இந்த விமானங்கள் உங்களுக்கு விற்பது உட்கார ஒரு சீட், கையில் ஒரு பை, அவ்வளவுதான். சாப்பாடு, பிடித்த இருக்கை, தேதி மாற்றும் வசதி எல்லாம் தனித்தனிக் காசு. குடும்பத்தோடு பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு போகிறவருக்கு அது கடுப்பாக இருக்கும். ஒரு நாள் வேலைக்குப் போகிற உங்களுக்கு அதில் பாதி தேவையே இல்லை. தேவையில்லாததற்குக் காசு கொடுக்காமல் போவது நல்ல வியாபாரம்தானே. ஆனால் அங்கே மிச்சம் பிடித்த காசில் கொஞ்சத்தை நேரத்தின் மேல் போடுங்கள். எந்த விமானத்தில் போகிறீர்கள் என்பதைவிட எத்தனை மணி விமானத்தில் போகிறீர்கள் என்பதில்தான் உங்கள் மீட்டிங் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். மலிவு விமானக் கம்பெனி லாபம் பார்ப்பதே விமானத்தைத் தரையில் நிற்க விடாமல் ஓட்டுவதில்தான். பெரும்பாலும் ஒரே குடும்பத்து விமானங்கள், இண்டிகோ என்றால் ஏர்பஸ் 320 வகை. விமானிக்கு, மெக்கானிக்குக்கு, உதிரி பாகத்துக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பயிற்சி, ஒரே ஸ்டாக். வந்து இறங்கி, ஆட்களை இறக்கி ஏற்றி, அரை மணி சுமாருக்குள் மறுபடி கிளம்பிவிட வேண்டும். டவுன் பஸ் மாதிரிதான், முதல் ட்ரிப் நேரத்துக்கு வரும். நாலாவது ட்ரிப்புக்குள் முன்னால் நடந்த தாமதம் எல்லாம் சேர்ந்து உங்கள் தலையில் விழும். அதிகாலையில் கோவையில் இருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் முந்தின ராத்திரியே வந்து நிற்பது, அதனால் எங்கிருந்தோ வர வேண்டும் என்று காத்திருக்கிற வேலை இல்லை. சாயங்கால விமானம் அப்படி இல்லை, அன்றைக்கு அது எங்கெல்லாம் சுற்றியதோ அங்கெல்லாம் நடந்ததைச் சுமந்துகொண்டு வரும்.

இதை நீங்களே பார்க்கலாம். ஃப்ளைட்ரேடார்24 போன்ற ஆப்பில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், அந்தப் பயணத்துக்கு வரப்போகும் விமானம் இப்போது எங்கே பறக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். 6 மணிக்குக் கிளம்ப வேண்டிய விமானம் 5 மணிக்கு இன்னும் வேறு ஊரிலேயே நிற்கிறது என்றால், போர்டில் 'ஆன் டைம்' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். கோவையில் இருந்து டெல்லிக்கு நேரடி விமானம் சுமார் மூன்று மணி நேரம். முதல் விமானத்தில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம், மதியம் 2 மணிக்கு முன்னால் கையில் சில மணி நேரம் மிச்சம் இருக்கும். வருஷத்தில் பெரும்பாலான மாதங்களில் இது எனக்குச் சம்மதம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மட்டும் செய்யாதீர்கள். டெல்லியில் அப்போது விடிகாலைப் பனிமூட்டம். மூட்டத்தில் இறக்கும் கருவி ஓடுபாதையில் இருந்தாலும், விமானமும் விமானியும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும், விமானங்களுக்கு நடுவே இடைவெளியும் கூட்டுவார்கள். அதனால் வரிசை நீண்டுகொண்டே போகும், சிலதை ஜெய்ப்பூர் பக்கம் திருப்பி விடுவார்கள். அந்த மாதங்களில் முந்தின நாளே போய்விடுங்கள். தாமதமானாலும் ஒரு ராத்திரி முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மகிபால்பூரில் சின்னச் சின்ன ஹோட்டல்கள் வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே பெரிய ஹோட்டல்கள் இருக்கும் ஏரோசிட்டிக்குள் போனால் அந்த ரூம் காசே டிக்கெட் காசைத் தாண்டிவிடலாம்.

திரும்புவதற்கு ராத்திரி விமானம் போட்டுக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. போகும்போது தாமதமானால் ஆர்டர் போகும், வரும்போது தாமதமானால் தூக்கம் போகும். பணம் கட்டிப் பாதுகாக்க வேண்டியது முதலாவதைத்தான். நம் ஆட்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வீட்டுக்குச் சீக்கிரம் வர வேண்டும் என்று திரும்பும் டிக்கெட்டுக்கு அதிகம் கொடுத்துவிட்டு, போகிற டிக்கெட்டில் 800 ரூபாய் மிச்சம் பிடிக்க பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ மாறுகிற மாதிரி போடுவார்கள். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு பயணமும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே புக்கிங் எண்ணில் இருக்கட்டும். முதல் விமானம் லேட்டாகி இரண்டாவது தவறினால், ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பயமுறுத்துகிறார்கள் என்றீர்களே, அதில் நியாயமும் உண்டு. 2025 டிசம்பர் முதல் வாரம் ஞாபகம் இருக்கும். விமானிகளின் ஓய்வு, இரவுப் பறப்பு பற்றிய புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 அன்று அமலுக்கு வந்தது. அதற்கு வேண்டிய அளவு விமானிகளை இண்டிகோ தயார் செய்து வைக்கவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் ரத்து. டெல்லியில் இருந்து கிளம்ப வேண்டிய அதன் உள்நாட்டு விமானங்கள் அன்று நள்ளிரவு வரை மொத்தமாக ரத்து. மற்ற கம்பெனிகளில் கட்டணம் எகிறியதும் அரசு உச்சவரம்பு போட்டது, 1,500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் 18,000 ரூபாய். இதை மலிவு விமானத்தின் குற்றம் என்று மட்டும் பார்க்க முடியாது. உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கு மேல் ஒரே கம்பெனியில் பறக்கிறார்கள். அது படுத்துவிட்டால் மிச்ச எல்லாரும் சேர்ந்தாலும் அந்தக் கூட்டத்தைத் தூக்க முடியாது. நீங்கள் எந்தக் கம்பெனியில் டிக்கெட் போட்டிருந்தாலும் அந்த வாரம் கூட்டத்தில்தான் நின்றிருப்பீர்கள்.

இப்போது காசு. விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான், மலிவு விமானம் என்பதால் உங்கள் உரிமை குறையாது. கோவை–டெல்லி பயணம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் என்பதால், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் சாப்பிடக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறார்களா என்று காத்திருக்காதீர்கள், கவுன்டரில் போய்க் கேளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் வேறு விமானம் அல்லது முழுப் பணம், எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். ராத்திரி 8 மணிக்கும் விடிகாலை 3 மணிக்கும் நடுவே கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் ஹோட்டல் அறையும் தர வேண்டும். நீங்கள் ராத்திரி திரும்புகிறவர் என்பதால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தானால் மாற்று விமானம் அல்லது பணம் திரும்ப, இது எப்போதும் உண்டு. அதற்கு மேல் இழப்பீடு என்பது, முன்கூட்டித் தகவல் சொல்லாமல் ரத்து செய்தால்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. பனி, புயல், கலவரம் மாதிரி கம்பெனியின் கையில் இல்லாத காரணம் என்றால் கிடையாது. அதனால் அந்தக் காசை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று. டிக்கெட் எடுக்கும்போது பயணியின் தொடர்பு விவரம் சரியாகக் கொடுக்காவிட்டால், இழப்பீடு தர வேண்டியதில்லை என்று அதே விதியில் இருக்கிறது. திருப்பூரில் பாதிப் பேர் டிக்கெட் எடுப்பது தெரிந்த ஏஜென்ட் மூலம்தான். அவர் தன்னுடைய நம்பரையும் மெயிலையும் போட்டுவிடுவார். நேரம் மாறிய மெசேஜ் அவர் போனுக்குப் போகும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார், நீங்கள் விடிகாலை அவிநாசி ரோட்டில் காரில் போய்க்கொண்டிருப்பீர்கள். உங்கள் நம்பரைப் போடச் சொல்லுங்கள். டிக்கெட் வந்ததும் கம்பெனி ஆப்பில் பிஎன்ஆரைப் போட்டு நீங்களே ஒரு முறை சரிபாருங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அப்போதே திருத்திவிடலாம்.

அப்புறம் சாம்பிள். கேபின் பை 7 கிலோ, அளவு 55, 35, 25 சென்டிமீட்டருக்குள். இண்டிகோவில் அதோடு லேப்டாப் பை மாதிரி ஒன்று 3 கிலோ வரை விடுவார்கள். டி-சர்ட் சாம்பிள் இருபது பீஸ் என்றால் இதற்குள் தாராளமாக அடங்கும். ஹூடி, ஃபிளீஸ் என்றால் எடையைவிட இடம்தான் பிரச்சினை, முந்தின நாளே அழுத்திக் கட்டிப் பாருங்கள். முடிந்தவரை பெட்டியைச் செக்-இன் போடாதீர்கள். உள்நாட்டு டிக்கெட்டில் வழக்கமாக 15 கிலோ இலவசம்தான், ஆனால் மீட்டிங்குக்குப் போகும்போது சாம்பிள் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. பெல்ட்டில் காத்திருக்கும் நேரமும் மிச்சம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மாதிரி சில கம்பெனிகளில் செக்-இன் லக்கேஜ் இல்லாமலே இன்னும் குறைந்த கட்டணம் உண்டு, இந்த மாதிரிப் பயணத்துக்கு அது பொருத்தம். ஒரே எச்சரிக்கை: பைக்குள் நூல் வெட்டும் டிரிம்மர், கத்தரி, எடை பார்க்கத் துணியை வட்டமாக வெட்டும் ஜிஎஸ்எம் கட்டர் எதுவும் கிடக்கக் கூடாது, செக்யூரிட்டியில் எடுத்துவிடுவார்கள். இஞ்ச் டேப் பரவாயில்லை. செக்-இன் பெட்டி போட்டே ஆக வேண்டும் என்றால் பவர் பேங்க்கை அதில் வைக்காதீர்கள், அது கையோடுதான் வர வேண்டும்.

வெப் செக்-இன் செய்யும்போது எல்லா இருக்கைக்கும் விலை போட்டிருக்கிற மாதிரி தெரியும். கட்டாயம் இல்லை. தேர்ந்தெடுக்காமல் தாண்டிப் போனால் மிச்சம் இருக்கும் ஒன்றை இலவசமாகக் கொடுப்பார்கள், பெரும்பாலும் நடு சீட். மூன்று மணி நேரம் என்பதால் ஓர சீட்டுக்குச் சில நூறு ரூபாய் கொடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். கால் நீட்ட இடம் என்று ஆயிரத்துக்கு மேல் கொடுப்பது உங்கள் உயரத்தைப் பொறுத்தது! கவுன்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும், கேட் 25 நிமிடத்துக்கு முன்பு. இவர்கள் இதில் ஒரு நிமிடம்கூட விட்டுக் கொடுக்க மாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை.

டெல்லியில் டெர்மினலைக் கவனியுங்கள். ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடந்து போகிற தூரம் இல்லை, ஒரே கம்பெனியின் விமானங்களே வேறு வேறு டெர்மினலில் இருக்கும். இறங்கிய இடத்திலேயே ஏறுவோம் என்று நினைக்காமல் திரும்பும் டிக்கெட்டைத் தனியாகப் பாருங்கள். பையிங் ஹவுஸ் நொய்டாவில் என்றால் டெர்மினல் 1 வாசலிலேயே மெஜந்தா லைன் மெட்ரோ, நொய்டாவில் இருக்கும் பொட்டானிக்கல் கார்டன் வரை நேராகப் போகும். குர்கான் என்றால் டாக்ஸிதான் சுலபம்.

கடைசியாக ஜிஎஸ்டி. எகானமி டிக்கெட்டுக்கு 5 சதவீதம், தொழிலுக்காகப் போகும் பயணம் என்றால் அதை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். புக் செய்யும்போதே கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணும் பெயரும் போட வேண்டும், பிறகு சேர்ப்பது தலைவலி. போர்டிங் பாஸும் டிக்கெட் பிரிண்ட்டும் பில் ஆகாது. விமானக் கம்பெனியின் இணையதளத்தில் வரி இன்வாய்ஸ் தனியாக இருக்கும், அதை இறக்கி ஆடிட்டருக்கு அனுப்புங்கள். ஏஜென்ட் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு அவரிடம் இன்னொரு பில். ஜிஎஸ்டி எண் இருக்கும் சின்ன தொழில்களுக்கென்று தனிக் கட்டணமும் சில கம்பெனிகள் வைத்திருக்கின்றன. அதில் சாப்பாடு சேர்ந்திருக்கும், தேதி மாற்றும் கட்டணமும் குறைவு. பையர் மீட்டிங்கைத் தள்ளிப் போடுவது எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும், அதனால் மலிவான டிக்கெட்டோடு இதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

மீட்டிங் ரத்தாகி நீங்கள் போகவே இல்லை என்றால்கூட டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ரத்துக் கட்டணமாக அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டி எடுக்கக் கூடாது. விமான நிலையப் பயனர் கட்டணமும் அரசு வரிகளும் திரும்பி வர வேண்டும், ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் என்றாலும் சரி. தானாக வராவிட்டால் கம்பெனியில் எழுதிக் கேளுங்கள். பதில் இல்லை என்றால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடலாம், பிஎன்ஆரும் கம்பெனிக்கு அனுப்பிய மெயிலும் கையில் இருந்தால் போதும்.