பழைய புல்லட்டும் ஒரு கண்டு நூலும்

நேயர்களுக்கு வணக்கம்.

சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நட்டை முடுக்க முடுக்கச் சக்கரம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், டயர் போய்ச் சட்டத்தில் உரசும். உடனே தளர்த்திச் சரிசெய்வோம். மோட்டார் சைக்கிளில் அப்படி உரசாது, இடம் தாராளம். அதனால் சக்கரம் கோணலாக இருப்பதே தெரியாமல் வண்டி ஓடும். பிடியைச் சற்று இளக்கினால் ஒரு பக்கம் போகப் பார்க்கும். செயின் ஓடுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேயும்.

1955-இல் சென்னையில் தயாரிப்பு தொடங்கிய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். அந்தப் பழைய வண்டிகளைப் பிரித்து, பெயின்ட் அடித்து, மறுபடி பூட்டுகிறவர்கள் எஞ்சினுக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். பின் சக்கரத்தின் நேர் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பின் சக்கரத்தின் அச்சான ஆக்சிலின் இரு பக்கமும், சக்கரத்தை முன்பின் நகர்த்துகிற, நத்தை ஓடு மாதிரி சுருளாக வெட்டிய கேம் என்ற தகடு இருக்கும். அதன் விளிம்பில் பள்ளங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் பள்ளம் வைத்தால் சக்கரம் நேர் என்பார்கள். புது வண்டிக்கு அது சரி. பல பத்தாண்டு ஓடிய வண்டியில் கேம் முட்டி நிற்கிற முளை தேய்ந்திருக்கும். ஒரு பக்கம் பழைய கேம், மறுபக்கம் கடையில் வாங்கிய வேறு கேம் இருக்கலாம். பள்ளத்தை எண்ணுவது தொடக்கத்துக்கு மட்டும்தான்.

கோணல் எவ்வளவு பெருகும் என்று பாருங்கள். பின் சக்கரத்தை இரு பக்கமும் தாங்குகிற கவைதான் ஸ்விங் ஆர்ம். அதன் இரு முனைகளுக்கு நடுவே சுமார் 20 செ.மீ. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே சுமார் 137 செ.மீ. ஸ்விங் ஆர்மின் ஒரு முனையில் 1 மி.மீ. பிசகினால் முன் சக்கரத்தில் ஏறக்குறைய 7 மி.மீ. விலகும்!

நூல் பிடிப்பதற்கு முன்னால் சில வேலைகள் உண்டு. ரிம்மில் கோட்டம் எடுத்திருக்க வேண்டும். சுற்றும்போது 1 மி.மீ.க்கு மேல் ஆடக் கூடாது. ஸ்விங் ஆர்மின் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால், ஆர்ம் திரும்புகிற இடத்தில் உள்ள புஷ் என்ற உருளை வளையத்தை மாற்றியாக வேண்டும். ஆடுகிற ஆர்மில் எந்த அளவும் நிற்காது. பிறகு ஸ்விங் ஆர்ம் திரும்புகிற தண்டின் மையத்திலிருந்து பின் ஆக்சில் மையம் வரை இரு பக்கமும் அளந்து, அளவு ஒன்றாக வரும்படி கேமை வையுங்கள். சக்கரத்தை முன்னால் தள்ளி, கேம் முளையில் முட்டி உட்கார்ந்த பிறகே அளக்க வேண்டும்.

இனி நூல். சுவர் எழுப்பும் கொத்தனார் பிடிக்கிற அதே நூல்தான். பின் டயரின் பின்புறம் நூலைச் சுற்றி, இரு முனைகளையும் இரு பக்கமாக முன் சக்கரத்தைத் தாண்டிக் கொண்டுபோய் இரண்டு கனமான டப்பாக்களில் கட்டுங்கள். ஸ்டாண்டும் சைலன்சரும் தட்டாத உயரம் பார்த்துக்கொள்ளுங்கள். நூல் பின் டயரின் முன் விளிம்பை மெல்லத் தொட்டால் போதும், அழுத்தக் கூடாது. இது முக்கியம், திரும்பவும் சொல்கிறேன்: தொட வேண்டும், அழுத்தக் கூடாது. நூல் வளைந்தால் அளவு போயிற்று.

முன் டயர் 3.25, பின் டயர் 3.50 அங்குலம் என்றால் வித்தியாசம் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. ஹேண்டில்பாரை நேராக்கினால் முன் டயரின் இரு பக்கமும் 3 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். டயரில் எழுதிய அளவை நம்பாமல் காலிப்பரால் அளந்து கணக்கிடுங்கள். இடப்பக்கம் இடைவெளி குறைந்தால் பின் சக்கரம் வலப்பக்கம் பார்க்கிறது என்று பொருள்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உடனே கேமைத் திருகி நூலுக்குச் சரிக்கட்டிவிடுவார்கள். ஆனால் தண்டிலிருந்து ஆக்சில் வரை அளவு இரு பக்கமும் ஒன்றாக இருந்தும் நூல் ஒத்துவரவில்லை என்றால், குற்றம் கேமில் இல்லை. ஆக்சிலில் இடைவெளி காக்கிற ஸ்பேசர் வளையம் இடம் மாறியிருக்கும், அல்லது விட்டுப்போயிருக்கும். ஸ்போக் கட்டும்போது ரிம், சக்கரத்தின் குடமான ஹப்பின் நடுவுக்கு வராமல் ஒதுங்கியிருக்கும். அல்லது ஆர்மோ ஃபிரேமோ வளைந்திருக்கும். கேமைத் திருகினால் நூல் நேராகும்; சக்கரம் கோணலாகவே ஓடும், செயினும் கூடவே தேயும்.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை வருகிறது. மீதியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். செயின் இடப்பக்கம்; கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டும் பின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நேரான பட்டை வைத்துப் பாருங்கள். ஆர்ம் முறுக்கியிருந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும். வண்டியை நிமிர்த்தி இரு ரிம்களிலும் ரசமட்டத்தைச் செங்குத்தாக வைத்தால் தெரிந்துவிடும். ஆக்சில் நட்டை முடுக்கிய பிறகு செயின் தளர்வை மறுபடி பாருங்கள், சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில். மிக இறுக்கமான இடத்தில், ஆள் ஏறி உட்கார்ந்திருக்கும்போதும், செயின் கொஞ்சம் ஆட வேண்டும். கடைசியாகப் பிரேக் ராடு. சக்கரம் நகர்ந்திருப்பதால் அதையும் திருத்திவிட்டே வண்டியை வெளியே எடுங்கள். வணக்கம்.