பாக்குவெட்டி இளவரசன்

(ஏற்காட்டில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பேசியது)

பெரியவர்களுக்கும், முன்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னவர்களுக்கும் வணக்கம்.

சேலத்திலிருந்து பேருந்தில் வரும்போது பக்கத்தில் இருந்தவர், "பாலேன்னு வெள்ளைக்கார டான்ஸ் எல்லாம் நம்ம பிள்ளைகளுக்கு எதுக்குங்க?" என்றார். 20 கொண்டை ஊசி வளைவுக்குள் சொல்லி முடியவில்லை. மிச்சம் இங்கே.

இவர்கள் ஆடப்போவது 'நட்கிராக்கர்'. கொட்டை உடைக்கும் மரப்பொம்மை அது. வாயில் கொட்டையை வைத்து, முதுகுப் பிடியை அழுத்தினால் 'டக்'. ஒத்திகையில் மூன்றாம் வகுப்புப் பையன், "பாக்குவெட்டிங்களா சார்?" என்று கேட்டான். எங்கள் ஆயாவின் சுருக்குப்பையில் கிடந்த பித்தளைப் பாக்குவெட்டி எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கே 'பாக்குவெட்டி இளவரசன்' என்று பெயர் வைத்துவிட்டோம்.

மூலக்கதை 1816-இல் ஜெர்மனியில் ஹாஃப்மன் எழுதியது. அதில் இந்தப் பொம்மையோடு சண்டைக்கு வரும் எலி ராஜாவுக்கு ஏழு தலை. ராவணனைவிட மூன்று குறைச்சல். பிரெஞ்சில் தூமா அதை இளக்கி எழுத, அதை வைத்து ரஷ்யர்கள் பாலே செய்தார்கள். இசை சைக்கோவ்ஸ்கி. 1892 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரின்ஸ்கி அரங்கில் முதல் ஆட்டம்.

விமர்சகர்களுக்குப் பிடிக்கவில்லை. மேடையில் குழந்தைகள் அதிகமாம்! இன்று உலகமெங்கும் டிசம்பர் வந்தால் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறார்களே, அந்தக் குழந்தைகளுக்காகத்தானே? இரண்டாம் பாதியில் கதையே இல்லை என்றும் ஒரு குறை. உண்மைதான், சாக்லேட் ஆடும், தேநீர் ஆடும், அவ்வளவுதான். பந்தியில் இலை நிறைய பட்சணம் விழும்போது கதை எங்கே என்று எந்தப் பிள்ளை கேட்கும்?

காப்பிக்கும் ஒரு ஆட்டம் உண்டு. காப்பித் தோட்டத்துக்காரர்கள் கவனியுங்கள்: அந்த மெட்டு ஜார்ஜிய நாட்டுத் தாலாட்டிலிருந்து எடுத்தது. தூக்கத்தை விரட்டுகிற பானத்துக்குத் தாலாட்டு!

அப்புறம் மிட்டாய் தேவதை வருவாள். அவளுக்காக சைக்கோவ்ஸ்கி பாரீஸில் ஒரு புது வாத்தியத்தைப் பார்த்து வைத்தார், பெயர் செலஸ்டா. பார்க்கச் சின்ன பியானோ மாதிரி இருக்கும், உள்ளே கம்பிக்குப் பதில் எஃகுத் தகடுகள். வேறு இசையமைப்பாளர்கள் முந்திக்கொள்வார்களோ என்று அதை ரகசியமாகவே தருவித்தார். அந்த ஓசையை எப்படி விளக்குவது என்று நான் திணறியபோது, செவ்வாய்ப்பேட்டைச் சிறுமி ஒருத்தி, "எங்க பட்டறையில கொலுசை எடுத்துக் குலுக்கிப் பார்ப்பாங்களே, அது" என்றாள். என்னால் அதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு விஷயம். எலி ராஜாவோடு சண்டை முற்றும்போது கதாநாயகி தன் செருப்பைக் கழற்றி எறிவாள். சலங்கை கட்டித் தொட்டுக் கும்பிடுகிற மேடையில் செருப்பா என்று சில பெற்றோர் வருத்தப்பட்டார்கள். நியாயமான வருத்தம்தான். பூ எறியலாம் என்று மாற்றிப் பார்த்தோம். எலி ராஜாவாக ஆடுகிற பையன் விழ மறுத்துவிட்டான். "பூவுக்கு எந்த எலி சார் சாகும்?" நடனம் அவனுக்குத்தான் புரிந்திருக்கிறது. அதனால் புதுத் துணியில், தரையே மிதிக்காத ஒரு செருப்பு தைத்திருக்கிறோம்.

ஒத்திகையில் அது மூன்று தடவை குறி தவறியது. இன்றும் முன்வரிசைக்கு வந்து விழுந்தால் கோபித்துக்கொள்ளாமல் மேடைக்குக் கொடுத்தனுப்புங்கள். இன்னொன்று தைக்கவில்லை.