மைலோ டின்னும் ஒரு வேனும்

பெருமதிப்பிற்குரிய டத்தோ அவர்களே, மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, வேலைப்பளுவுக்கிடையிலும் வந்திருக்கும் சுகாதார அதிகாரி அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, நாற்காலி கிடைக்காமல் தூணோரம் நிற்கும் என் பழைய தோட்டத்து உறவுகளே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். ஓய்வுபெற்ற தாதிக்கு மறதி உரிமை உண்டு.

மலேசியாவின் முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த இந்தச் சுங்கை சிப்புட்டில் மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். குழந்தையின் காதுக்கு வரும் ஆபத்து, தாதி எழுதும் குறிப்பு, காதில் எண்ணெய் ஊற்றும் பழக்கம். மூன்றுக்கும் என்னிடம் ஒரே பழமொழிதான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

நான் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, சேர்ந்த புதிது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், பலகை வீடு ஒன்றில் பத்து மாதப் பையன். "பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறான், மிஸ்ஸி" என்றார் தாய். பாட்டி விடுவாரா? "தாத்தாவைக் கொண்டு பிறந்திருக்கிறான். அந்த மனிதரும் நான் கூப்பிட்டு ஒரு நாள் திரும்பியதில்லை!" வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுப்படியில் கிடந்த காலி மைலோ டின்னை எடுத்து அவன் முதுகுக்குப் பின்னால் போட்டேன். டமார்! பையன் திரும்பினான். பாட்டி கைதட்டினார். அட்டையில் எழுதினேன்: "காது நன்றாகக் கேட்கிறது. தாய்க்கு வீண் பயம்."

இரண்டரை வயதிலும் அவன் "அம்மா" என்று சொல்லவில்லை. அன்று திரும்பியது சத்தத்துக்கு அல்ல. பலகைத் தரை அதிர்ந்ததற்கு. கண்ணால் காண்பதும் பொய் ஐயா!

நான் எழுதியிருக்க வேண்டியது என்ன? "டின் பலகையில் விழுந்தபோது திரும்பினான். மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. தாய் சொன்னது இது." அவ்வளவுதான். "வீண் பயம்" என்பது என் தீர்ப்பு. தீர்ப்பு எழுத அது நீதிமன்றம் அல்ல. அடுத்து அந்த அட்டையைப் பார்த்தவர்கள் எல்லாரும் என் வாக்கியத்தை நம்பி அவனைத் திருப்பி அனுப்பினார்கள்.

அவனுக்குப் பிறந்த வாரத்தில் மஞ்சள் காமாலை ஏறி, இரத்தமே மாற்றியிருந்தார்கள். அதுவும் அதே அட்டையில்தான் இருந்தது. நான் பக்கத்தைப் புரட்டவில்லை. இரத்தம் மாற்றும் அளவுக்குப் போன மஞ்சள், 1,500 கிராமுக்குக் குறைந்த எடை, தீவிரச் சிகிச்சையில் 5 நாளுக்கு மேல், கிருமிக்கு நீடித்துப் போடும் ஜென்டாமைசின் ஊசி, மூளைக்காய்ச்சல், குடும்பத்தில் பிறவிச் செவிடு: இவற்றில் ஒன்று இருந்தாலும் பிள்ளையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். இன்னொன்று, மஞ்சள் கெடுப்பது பெரும்பாலும் செவி நரம்பை. உட்காதை மட்டும் சோதிக்கும் கருவி அந்தப் பிள்ளையையும் "தேர்ச்சி" என்று காட்டிவிடலாம். நரம்பைச் சோதிக்கும் கருவி வேறு. தீர விசாரிப்பதே மெய் என்று சும்மாவா சொன்னார்கள்?

பிறந்து 1 மாதத்துக்குள் காதுச் சோதனை, 3 மாதத்துக்குள் குறை உண்டா என்று உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை. கணக்கு எல்லாருக்கும் தெரியும். மறுசோதனைக்குத்தான் தாய்மார்கள் வருவதில்லை. செம்பனைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏது? வாடகைக் காருக்கு ஒரு நாள் கூலி போகும். அட்டையில் மட்டும் "தாய் அக்கறையற்றவர்" என்று எழுதுகிறோம். "வரவில்லை, வண்டி இல்லை" என்று எழுதிப் பாருங்கள், உண்மை தெரியும். ஆகவே டத்தோ அவர்களே, தாய்மார்களை மறுசோதனைக்கு ஏற்றிப் போக வாரம் ஒரு நாள், ஒரே ஒரு வேன் கேட்கிறேன்.

தலைவர் மணியடிக்கிறார். எண்ணெய்ச் சமாச்சாரம் அடுத்த கூட்டத்துக்கு. மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். டத்தோ அவர்கள் தேநீருக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும்.