தக்காளி பழுத்ததும் உள்ளே நடப்பது

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, வணக்கம்.

சந்தையில் பொம் தாமூர், அதாவது தக்காளி, வாங்கும்போது இன்றைக்கே சத்தினி அரைக்க நன்றாகச் சிவந்ததைப் பொறுக்குவோம்; நாலு நாள் வைக்க என்றால் செங்காய். இந்த வித்தியாசம், வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா பாக்டீரியாவையும் தொடுகிறது.

அது குடலில் வாழும் கிருமி. தக்காளிக்குள் போனால் சும்மா கிடக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அமெரிக்காவின் ஃப்ளோரிடாப் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் டெப்லிட்ஸ்கியின் குழு, தக்காளிக்குள் அதன் எந்த மரபணுக்கள் முடுக்கம் பெறுகின்றன என்று தேடியது. கொழுப்பு அமிலத்தைச் சிதைக்க ஒன்று, கந்தகச் சத்தைக் கையாள ஒன்று, ஒட்டிக்கொள்ளும் இழைகளுக்கு ஒன்று. இவை எவ்வளவு வேலை செய்யும் என்பது காயா பழமா, எந்த ரகம் என்பதைப் பொறுத்து மாறியது. பழுக்கும்போது சர்க்கரையும் அமிலமும் செல்சுவரும் மாறுகின்றன அல்லவா? பாக்டீரியாவுக்குக் கண்ணும் இல்லை மூளையும் இல்லை. சுற்றியிருக்கும் வேதிப்பொருளுக்குத் தக்கபடி மரபணுக்களைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது.

தக்காளியைப் பழுக்க வைப்பது எத்திலீன் வாயு. அது உருவாவதை ஆளும் ரின், நார் என்ற மரபணுக்கள் கெட்டுப்போன செடிகளின் காய்களில் சால்மொனெல்லா வெகுவாகக் குறைவாகவே பெருகியது. அப்படியானால் அந்த ரகத்தையே நட்டுவிடலாமே என்பீர்கள். பழுதான ரின் ஒரு பங்கு கலந்த வணிக ரகத்தை அவர்களே சோதித்தார்கள். பசுமைக்குடிலில் தேறியது, வயலில் மூன்று பருவம் பார்த்தும் பலன் தெரியவில்லை. முழு ஆராய்ச்சியிலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான். வெயிலும் மழையும் ஆய்வகக் கணக்குக்கு அடங்குவதில்லை.

சரி, கிருமி எப்படி உள்ளே போகிறது? காம்பு வடுவும் ஒரு வாசல். சூடான பழத்தைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தண்ணீரை இழுத்துக்கொள்ளும். 1999இல் அமெரிக்காவில் பலரை நோயாளியாக்கிய பிரேசில் மாம்பழங்களில் சந்தேகம் விழுந்ததும் இங்கேதான்: பழ ஈக்காக வெந்நீரில் முக்கிய பிறகு குளிர்நீரில் ஆறவிட்டிருந்தார்கள்.

ஆகையால் வெயிலில் வந்த பழத்தை ஐஸ் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். தக்காளிக் குழம்பான ருகாய் கொதிக்கிறது, பயமில்லை. தைப்பூசத்து அன்னதானத்துக்கு விடியற்காலையே நறுக்கும் சமைக்காத தக்காளி சலாத்தும், வதக்காத சத்தினியும்தான் கவலை. நறுக்கியதுமே ஃப்ரிட்ஜில் வையுங்கள், பந்தி உட்கார்ந்த பிறகு வெளியே எடுங்கள்.